தெசாரஸைத் திறக்கும் முன்
ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் ஆங்கில மொழித் திருத்தம் செய்து தருவது என் தொழில். கட்டுமானப் பொறியியல், வேளாண்மை, சமூகப்பணி, மருந்தியல், கணினி அறிவியல் என்று பல துறை எழுத்துகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர்களும் உண்டு. ஆய்வைச் செய்யும் உழைப்பு ஒருபுறம், அதை இன்னொரு மொழியில் எழுதி நிறுவ வேண்டிய உழைப்பு மறுபுறம் என்று இரட்டைச் சுமையோடு இருக்கிறீர்கள். அந்த உழைப்பு ஒரு சின்ன விசையால் வீணாகிப் போவதைத் தொடர்ந்து பார்த்து வருவதால்தான் இந்த மடல்.

நான் சொல்வது எழுத்துப்பிழையை அல்ல, இலக்கணப் பிழையையும் அல்ல. அவற்றைத் திருத்திவிடலாம். இது வேறு வகை. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும். ஒவ்வொரு சொல்லும் அகராதியில் உள்ள நல்ல சொல்லாகவே இருக்கும். ஆனால் படித்தால் பொருள் பிடிபடாது. கட்டுமானத் துறை ஆய்வேட்டில் ஒரு பத்தியில் 'ஸ்ட்ரெஸ்' என்று இருக்கும். அதே அளவீட்டைப் பற்றிய அடுத்த பத்தியில் 'ஸ்ட்ரெயின்' என்று இருக்கும். அதற்கடுத்த பத்தியில் 'டென்ஷன்' வந்து நிற்கும். ஸ்ட்ரெஸ் எனும் தகைவும் ஸ்ட்ரெயின் எனும் திரிபும் வேறுவேறு என்பது இளநிலை பொறியியலில் சேர்ந்த மாணவருக்கே தெரியும். ஒன்று ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசையின் அளவு, மற்றது அதனால் பொருளின் வடிவம் எந்த விகிதத்தில் மாறியது என்பது. எழுதியவருக்கும் இது நன்றாகத் தெரியும். பிறகு ஏன் மாறியது? ஒத்த சொற்களைக் காட்டும் வேர்டு மென்பொருளின் தெசாரஸ் பட்டியலில் இவை பக்கத்துப் பக்கத்துச் சொற்களாக நின்றதால் மாறியது.

அந்த வசதியைத் தெரியாதவர்கள் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட் விசையோடு எஃப்7-ஐ அழுத்தினால் ஓரத்தில் ஒரு பலகம் திறக்கும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கண்ட்ரோல் விசையோடு எஃப்7. புதிய வசதி அல்ல இது. 1989-இல் வந்த டாஸ் காலத்து வேர்டுபெர்ஃபெக்ட் 5.1-லேயே ஆல்ட் விசையோடு எஃப்1 என்று இதற்குத் தனி விசை இருந்தது. திறக்கும் பட்டியலில் சொற்கள் பொருள்வாரியாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு பிரிவின் தலையிலும் அது பெயரா, வினையா, பெயரடையா என்ற குறிப்பு சுருக்கமாக இருக்கும். ஒரு சொல்லின் ஓரத்தில் தெரியும் சிறு முக்கோணத்தை அழுத்தி 'இன்சர்ட்' கொடுத்தால் உங்கள் சொல் போய் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துவிடும். சொல்லின் மேலேயே அழுத்தினால் அதற்குரிய அடுத்த பட்டியல் திறக்கும். அங்கிருந்து இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். மூன்று அழுத்தத்தில் புறப்பட்ட இடத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு சொல்லில் போய் நிற்கவும் முடியும்.

அந்தப் பலகம் சொல்லாத விஷயங்கள்தான் முக்கியம். இந்தச் சொல் எந்தத் துறையில் வழங்குகிறது, எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், மதிப்பான சொல்லா இழிவான சொல்லா, இன்றும் வழக்கில் இருக்கிறதா, பின்னால் எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும், இவற்றில் எதையும் அது சொல்வதில்லை. 'ஹெல்ப்' என்ற சொல்லுக்கு ஒத்த சொற்களைத் தேடிக்கொண்டு போனால் 'அசிஸ்ட்', 'எய்ட்' வழியாக 'அபெட்' வரை போகலாம். குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதையும் தூண்டுவதையும்தான் அந்தச் சொல் குறிக்கிறது. நம் ஊர் வழக்குச் செய்திகளில் தற்கொலைக்குத் தூண்டியதாக ஒருவர் மேல் போடப்படும் வழக்கில் வரும் சொல் அது. நன்றியுரைப் பக்கத்தில் உங்கள் நெறியாளரைப் பற்றி அந்தச் சொல்லை எழுதினால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள்.

தமிழில் இதே தவறை நீங்கள் செய்யவே மாட்டீர்கள். இறந்தார், காலமானார், உயிர்நீத்தார், இயற்கை எய்தினார், மாண்டார், செத்தார் ஆகிய எல்லாம் ஒரே நிகழ்வைச் சொல்லும் சொற்கள். ஆனாலும் மருந்து தெளித்த வயலில் பூச்சிகள் காலமாயின என்று உங்களில் ஒருவர்கூட எழுதமாட்டீர்கள். எந்த அகராதியும் அதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவின் பேச்சிலும் தெருவிலும் செய்தித்தாளிலும் கேட்டுக் கேட்டு வந்த அறிவு அது. ஆங்கிலத்தில் அந்தக் காது உங்களுக்கு இன்னும் முழுமையாக அமையவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காது அமையாத மொழியில் பட்டியலை நம்பிச் சொல்லை மாற்றுவது ஆபத்து என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் இரண்டு காரணங்கள் வருகின்றன. ஒன்று, "நடை நன்றாக இருக்கும்." மற்றது, "பர்சன்டேஜ் குறைக்கணும்," அதாவது எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காட்டை. இரண்டாவதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

லண்டனில் உள்ள மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாட்லர் என்ற ஆசிரியர் இருந்தார். மாணவர் கட்டுரைகளில் புரியாத தொடர்கள் வருவதைப் பார்த்து அவர் துருவத் தொடங்கினார். ஒரு கட்டுரையில் 'சினிஸ்டர் பட்டக்ஸ்' என்று இருந்தது. கொடிய பிட்டங்கள் என்று அதற்குப் பொருள். வணிகம் பற்றிய கட்டுரையில் அது எதற்கு? மூலத்தில் இருந்தது 'லெஃப்ட் பிஹைண்ட்', அதாவது போட்டியில் பின்தங்கிவிடுதல். 'லெஃப்ட்' என்பதை இடப்பக்கமாக எடுத்துக்கொண்டு, இடப்பக்கத்துக்கான பழைய லத்தீன் வழிச் சொல்லான 'சினிஸ்டர்' வந்தது. 'பிஹைண்ட்' என்பதை உடல் உறுப்பாக எடுத்துக்கொண்டு மற்றது வந்தது. இன்னொரு கட்டுரையில் 'கரன்ட் பிக் பிளேயர்ஸ்' என்பது 'காமன் மெச்சூர் மியூசிஷியன்ஸ்' ஆகியிருந்தது. இன்றைய பெருநிறுவனங்கள், பக்குவப்பட்ட பொதுவான இசைக்கலைஞர்களாக மாறிவிட்டார்கள். தெசாரஸைத் தொகுத்த ரோஜேயின் பெயரால் இந்த வேலைக்கு 'ரோஜெட்டிங்' என்று சாட்லர் பெயர் வைத்தார். 2014-இல் ஆங்கில இதழ்களில் அது பரவலாகப் பேசப்பட்டது. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் இருக்கச் சொல்லுக்குச் சொல் மாற்றிய மாணவர்கள், ஆசிரியரின் கண்ணில் பளிச்சென்று பட்டார்கள்.

அது வகுப்புக் கட்டுரை. 2021-இல் வெளிவந்தது இன்னும் பெரிய செய்தி. பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த கியோம் கபானக், கிரெனோபிளைச் சேர்ந்த சிரில் லாபே, ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மகஸினோவ் ஆகிய மூவரும் அச்சில் வெளியாகிவிட்ட அறிவியல் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று வரவேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்', கள்ள உணர்வு. பிக் டேட்டாவுக்கு 'கொலாசல் இன்ஃபர்மேஷன்', பிரம்மாண்டத் தகவல். புள்ளியியலில் மீன் ஸ்கொயர் எரர் என்று எல்லோரும் சொல்லும் அளவீட்டுக்கு 'மீன் ஸ்கொயர் பிளண்டர்'. இத்தகைய தொடர்களுக்கு 'டார்ச்சர்டு ஃபிரேசஸ்', சித்திரவதைக்கு ஆளான தொடர்கள் என்று பெயரிட்டார்கள். மருத்துவக் கட்டுரைகளிலும் இவை பின்னர் அகப்பட்டன. மார்பகப் புற்றுநோய் 'பூசம் பெரில்' ஆனது. சிறுநீரகச் செயலிழப்பு 'கிட்னி டிஸ்அப்பாயின்ட்மென்ட்' ஆனது. ஒரு நோயாளியின் சிறுநீரகம் ஏமாற்றம் அடைந்துவிட்டதாக அச்சான வரியை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மருத்துவம் படிக்கும் இன்னொருவர் அந்தக் கட்டுரையை நம்பிப் படிப்பாரே என்ற சங்கடம் அது.

இந்தத் தொடர்கள் ஷிஃப்ட் எஃப்7-இல் ஒவ்வொன்றாக மாற்றியவை அல்ல, தானாகச் சொல்மாற்றும் கருவிகளில் கட்டுரையை மொத்தமாகப் போட்டு எடுத்தவை என்பதே அவர்களின் ஊகம். ஆனால் அந்தக் கருவி செய்வதும் நீங்கள் கையால் செய்வதும் ஒரே வேலைதான். வேகம் மட்டும்தான் வேறு. மேலும், இத்தகைய தொடர்களைத் தேடிப்பிடிக்க கபானக் குழு ஒரு நிரலை இயக்கி வருகிறது. அகப்படும் கட்டுரைகளின் பட்டியலை யாரும் பார்க்கலாம். அதன் விளைவாகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் பல. பல்கலைக்கழக வாசலைச் சுற்றி "பர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்" என்று சொல்லும் கடைகளுக்குப் போகும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பட்டியலில் ஒரு கட்டுரை ஏறினால், அதில் கடையின் பெயர் இருக்காது. உங்கள் பெயர் இருக்கும். நீங்கள் அப்போது உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலில் உட்கார்ந்திருக்கலாம்.

இனி அந்தப் பர்சன்டேஜ். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையை உங்களில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறீர்கள்? பத்து என்ற எண் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி.

தெரியாத பகுதியை அதே ஒழுங்குமுறையில் படியுங்கள். எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. உரிய அனுமதியோடோ மூலத்தைக் குறிப்பிட்டோ எடுத்தாண்ட மேற்கோள்கள் கணக்கில் வராது. துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை வரா. பொதுவான துறைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் வரா. பொது அறிவாக உள்ளவையும் தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களும், தொடர்ந்து 14 சொற்கள் வரை, விலக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஆய்வின் சுருக்கம், கருதுகோள், நோக்கீடுகள், முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவற்றில்தான் ஒப்புமையே இருக்கக்கூடாது என்கிறது விதி. அவை உங்களுடையவை அல்லவா? அவற்றில் பிறர் வாக்கியம் வர நியாயமே இல்லை.

இதன் பொருள் என்னவென்று பாருங்கள். 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்ற துறைச்சொல்லை அப்படியே எழுதியதற்காக யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. அதை மாற்றவேண்டிய தேவையே இல்லை. மாற்றினால்தான் சிக்கல். மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் துறைச்சொற்களும் துணைநூற்பட்டியலும் நிறம் பூசி வந்திருந்தால், அவற்றை விலக்கிவிட்டு மீண்டும் அறிக்கை எடுக்கும்படி நூலகத்தில் கேளுங்கள். மேற்கோள்களையும் துணைநூல்களையும் சிறு ஒப்புமைகளையும் விலக்கும் வசதி இந்த மென்பொருள்களில் பொதுவாக உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தனி நடைமுறை இருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தயக்கம் வேண்டாம். இது உங்கள் உரிமை. நெறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவரிடம் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அறிக்கையைத் திறந்து, எந்தப் பத்தி உண்மையாகவே பிறருடையது என்று உட்கார்ந்து காட்டுங்கள்.

விலக்கவேண்டியதை விலக்கிய பிறகும் ஒரு பத்தி முழுக்க நிறத்தில் நின்றால், அந்தப் பத்தி உங்களுடையது அல்ல. அதில் பத்துச் சொற்களை மாற்றினாலும் அது உங்களுடையது ஆகாது. மூலக் கட்டுரையை மூடிவையுங்கள். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று விடுதி அறையில் இருக்கும் நண்பருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்கு அது இன்னும் புரியவில்லை. மறுபடி படிக்க வேண்டும். சொல்ல முடிந்தால், சொன்னதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதி, யார் சொன்னது என்று அடியில் குறிப்பிடுங்கள். இப்படி எழுதியதில் இலக்கணம் கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டும், அதைத் திருத்த என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். சொல்லுக்குச் சொல் மாற்றிய பத்தியை மட்டும் எங்களால் திருத்த முடியாது. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதே அதில் இருக்காது.

'நடை நன்றாக இருக்கும்' என்ற காரணத்துக்கு வருகிறேன். "ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே" என்று பள்ளிக் கட்டுரை வகுப்பில் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளி பற்றிய கட்டுரைக்கு அது நல்ல அறிவுரை. ஆய்வேட்டுக்கு அது கேடு. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் அது சொன்ன கருத்தையே மீண்டும் சொல்வதைப் பற்றியது. ஒரு சொல் மீண்டும் வருவது நம் மரபில் குற்றமே அல்ல. பின்வருநிலை என்று தண்டியலங்காரம் அதை அணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கருத்து உண்டு. ஒரு சொல் மீண்டும் வந்துவிடுமோ என்ற பயத்தில் வேறு சொல் போடுவதை, ஆங்கில நடை பற்றி எழுதிய ஃபௌலர் சகோதரர்கள் 1906-லேயே ஒரு குறையாகப் பெயரிட்டுக் காட்டினார்கள். ஆய்வேட்டில் சொல் மாறினால் பொருளும் மாறியதாகத்தான் தேர்வாளர் எடுத்துக்கொள்வார். 'அக்குரசி' என்று இரண்டாம் இயலில் எழுதியதை மூன்றாம் இயலில் 'பிரிசிஷன்' என்று எழுதினால், உண்மையான மதிப்புக்கு எவ்வளவு நெருக்கம் என்ற பேச்சு போய், அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்ற பேச்சு வந்துவிடுகிறது. நோயியலில் 'இன்சிடென்ஸ்' என்பது ஒரு காலத்தில் புதிதாக நோய்வாய்ப்பட்டவர்களின் அளவு. 'பிரிவலன்ஸ்' என்பது அப்போது நோயோடு இருப்பவர்கள் அனைவரின் அளவு. புள்ளியியலில் 'சிக்னிஃபிகன்ட்' என்பதை 'இம்பார்ட்டன்ட்' ஆக்கினால் கணக்கு போய் அபிப்பிராயம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பெரிய சொல் போட்டால் அறிவாளியாகத் தெரிவோம் என்ற எண்ணமும் உங்களில் சிலருக்கு உண்டு. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் ஒப்பன்ஹைமர் என்ற உளவியல் பேராசிரியர் மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் உள்ள பெயர், வினை, பெயரடை ஒவ்வொன்றுக்கும் வேர்டு 2000-இன் தெசாரஸ் தந்ததிலேயே மிக நீளமான சொல்லைப் போட்டு மாற்றினார். மூலத்தையும் மாற்றியதையும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். சொல் நீள நீள, எழுதியவரைப் பற்றிய மதிப்பு குறைந்தது. சமூகவியல் ஆய்வேட்டுச் சுருக்கத்தை எடுத்து, நீளமான சொற்களை அதே தெசாரஸைக் கொண்டு குட்டையாக்கியும் பார்த்தார். எளிதான வடிவத்தை எழுதியவருக்கே கூடுதல் மதிப்பு கிடைத்தது. 2006-இல் வெளியான ஆய்வு இது. நீங்கள் செய்துகொண்டிருக்கும் அதே வேலையை, அதே மென்பொருளில், ஒருவர் ஆய்வாகவே செய்து முடித்திருக்கிறார்.

தெசாரஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் போதும். பீட்டர் மார்க் ரோஜே லண்டனில் 1779-இல் பிறந்த மருத்துவர். மான்செஸ்டர் மருத்துவமனையில் இருந்தபோது, 1805-இல், தன் எழுத்து வேலைக்காகச் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டார். பிறகு ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுக்கு மேல் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு பழைய குறிப்பேட்டை விரித்தெழுதி 1852-இல் தெசாரஸாக வெளியிட்டபோது அவருக்கு வயது 73. ஆயிரம் தலைப்புகள், ஆறு பெரும் வகைகள். அகர வரிசையில் அல்ல, கருத்தின் வரிசையில். நூலின் முன்னுரையில் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: சொற்களுக்குப் பொருள் சொல்வது என் நோக்கமல்ல, அந்தப் பொருள் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று கொண்டே வகைப்படுத்துகிறேன் என்று. தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் தவிக்கிறவருக்கான நூல் அது. தெரியாத சொல்லைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள அவர் அதைச் செய்யவில்லை. இன்று நம் திரையில் திறக்கும் பலகம் அந்த முன்னுரையை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

நம்மிடமும் இது பழைய வேலைதான். திவாகரமும் பிங்கலமும் சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைச் செய்யுளில் அடுக்கித் தந்தன. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று சூடாமணி பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரிகிறது. பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்கிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். எதுகைக்கும் மோனைக்கும் சீருக்கும் பொருந்த வேறு சொல் தேவைப்பட்ட புலவருக்கு அது பெரிய துணை. அந்தப் புலவர் அந்தச் சொற்களை ஏற்கெனவே பாட்டிலும் உரையிலும் சந்தித்தவர். உங்கள் ஆய்வேட்டில் எதுகை மோனைக்கு வேலை இல்லை. வேறு சொல் எதற்கு வேண்டும் என்ற கேள்வியை நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேண்டியிருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தெசாரஸ் உண்மையிலேயே கைகொடுக்கும். இலக்கிய மீளாய்வு இயல். அங்கே நீங்கள் ஒவ்வோர் ஆய்வாளரையும் பற்றி 'செட்', 'செட்', 'செட்' என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். எல்லோரும் கூறினார்கள், கூறினார்கள், கூறினார்கள். இது வெறும் அலுப்பு மட்டுமல்ல. அவர்களில் ஒருவர் சோதனை செய்து நிறுவியிருப்பார், ஒருவர் ஊகித்திருப்பார், ஒருவர் இன்னொருவரை மறுத்திருப்பார். 'செட்' அந்த வேறுபாட்டையெல்லாம் அழித்துவிடுகிறது. அந்தச் சொல்லின் மேல் ஷிஃப்ட் எஃப்7 கொடுத்து, வரும் பட்டியல்களில் கொஞ்சம் உலாவுங்கள். ஸ்டேட், கிளெய்ம், ஆர்கியு, அட்மிட், மெயின்டெய்ன், சஜஸ்ட் என்று வரும். உடனே ஒன்றை எடுத்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தமிழில் நிறுத்திப் பாருங்கள். 'ஆர்கியு' என்றால் காரணம் காட்டி வாதிடுகிறார். 'சஜஸ்ட்' என்றால் உறுதியாகச் சொல்லவில்லை, இப்படி இருக்கலாம் என்கிறார். 'மெயின்டெய்ன்' என்றால் மறுப்பு வந்த பிறகும் தன் நிலையில் நிற்கிறார். 'கிளெய்ம்' என்றால் அவர் அப்படிச் சொல்கிறார், எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்ற தொனி வந்துவிடும். உங்கள் நெறியாளரின் கட்டுரையைப் பற்றி எழுதும்போது அதை யோசித்துப் போடுங்கள். 'அட்மிட்' என்றால் தனக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொள்கிறார். பட்டியலில் இவை அண்டை வீட்டார். ஆய்வேட்டில் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. எந்தச் சொல் வேண்டும் என்று முடிவு செய்ய நீங்கள் அந்த மூலக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும். படித்திருந்தால் சொல் தானே தெரியும்.

தேர்ந்தெடுத்த சொல்லை இரண்டு இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, மாணவருக்கான அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் தெசாரஸ் என்று 2008-இல் வந்த நூல் ஒன்று இருக்கிறது. ஒத்த சொற்களுக்கு நடுவே என்ன வேறுபாடு என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அது விளக்கும். துறை நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் துறையின் வழக்கு. கூகுள் ஸ்காலரில் அந்தத் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். உங்கள் துறைக் கட்டுரைகள் ஏராளமாக வந்தால் அது வழக்கில் உள்ள தொடர். ஒன்றிரண்டு மட்டும் வந்து, அவையும் தொடர்பில்லாத இதழ்களில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சமூகவியல், மானிடவியல், சமூகப்பணித் துறை மாணவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தெசாரஸ் பட்டியல் வானத்திலிருந்து வந்ததல்ல. 1996-இல் வேர்டு மென்பொருளின் ஸ்பானிய தெசாரஸில் பழங்குடியினரைக் குறிக்கும் சொல்லுக்குக் காட்டுமிராண்டி, மனிதரைத் தின்பவர் என்ற பொருள் தரும் சொற்களும், கலப்பினத்தவரைக் குறிக்கும் சொல்லுக்கு முறைதவறிப் பிறந்தவர் என்ற சொல்லும் ஒத்த சொற்களாக இருந்தன. மேற்கத்தியர் என்பதற்கு வெள்ளையர், நாகரிகமானவர் என்ற சொற்கள் நின்றன. மெக்சிகோவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டுத் திருத்திய பதிப்பைத் தந்தது. அந்தச் சொற்களை யாரோ எப்போதோ சேர்த்திருந்தார்கள். நீலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ நீங்கள் நேரில் சந்தித்துப் பேசிய மக்களைப் பற்றி எழுதுகிறீர்கள். 'டிரைபல்' என்ற சொல் அலுத்துவிட்டது என்று பட்டியலில் வரும் இன்னொரு சொல்லைப் போட்டால், காலனி காலத்து அதிகாரி எழுதிய இழிசொல் உங்கள் கையெழுத்தோடு வந்துவிடக்கூடும். உங்களுக்குத் தேநீர் கொடுத்து, தன் கதையைச் சொன்ன அந்தப் பாட்டிக்கு அது செய்யும் அநியாயம்.

அடுத்த முறை ஆய்வேட்டைத் திருத்தத்துக்கு அனுப்பும்போது, எனக்கோ வேறு யாருக்கோ, ஒரு சிறு உதவி செய்யுங்கள். தெசாரஸைப் பார்த்து மாற்றிய சொல், உறுதியில்லாமல் போட்ட சொல், இவை ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஓரத்தில் குறிப்புப் பெட்டி திறக்கும். அதில் நீங்கள் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதுங்கள். பேச்சுத் தமிழ் போதும், ஒரு வரி போதும். அதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சேர்ந்தே தேடிவிடலாம்.

அன்புடன்,
ஆய்வேடுகளுக்கு மொழித் திருத்தம் செய்பவர்